பாலர் பள்ளிக்குக் கட்டடம்: அறக்கட்டளைப் பணத்தில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

வருமானம் குறைந்த மக்கள் வாழும் பகுதிகளில் பாலர் பள்ளியோ குழந்தைகள் காப்பகமோ நடத்தும் சிறு அமைப்புகளுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். இடம் போதவில்லை. பிள்ளையைச் சேர்க்கக் கேட்டுக் காத்திருக்கும் பெற்றோர் பட்டியல் நீள்கிறது. வாடகை இடத்தின் உரிமையாளர் எப்போது காலி செய்யச் சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து, கட்டடத்துக்கு ஒரு அறக்கட்டளை பணம் தருகிறதாம் என்று யாராவது செய்தி கொண்டுவருவார்கள். அடுத்த வாரமே வரைபடம் தயாராகிவிடும்.

கட்டடத்துக்கென்று அறக்கட்டளைகள் தரும் பணம் ஒரே வகை அல்ல. மொத்தச் செலவையும் ஏற்கும் மானியம் உண்டு. நாம் ஒரு பங்கு திரட்டினால்தான் வரும் மேட்சிங் கிராண்ட் உண்டு. பழைய இடத்தைச் சீரமைக்கத் தரும் சிறு தொகை, குறைந்த வட்டிக் கடன், வெறும் திட்டமிடலுக்கு மட்டும் தரும் பணம் என்று இன்னும் சில. தொகையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் முதல் வகையில்தான் போய் நிற்போம். என்னைக் கேட்டால் தொகை கடைசியாகப் பார்க்க வேண்டியது. திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து சம்பளம் யார் தருவது, கட்டடம் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கும் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் எந்த மானியம் நமக்கு என்று பேசவே முடியும்.

சம்பளக் கணக்கு முதலில்

காப்பகத்தின் ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல் ஊழியர் சம்பளம். இதைக் குறைக்கவும் வழியில்லை. இங்கிலாந்து விதிப்படி 2 வயதுக்குக் கீழ் 3 குழந்தைகளுக்கு ஒரு ஊழியர் இருந்தாக வேண்டும். வேறு நாடுகளில் இந்த எண் கொஞ்சம் மாறும், ஆனால் எங்கும் பெரிதாக இளகாது. மற்றத் தொழில்களில் இடம் பெரிதானால் தலைக்கு ஆகும் செலவு குறையும். இங்கே குழந்தைகள் இரட்டிப்பானால் சம்பளப் பட்டியலும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஏழைப் பெற்றோரிடம் வாங்கும் கட்டணம் அதற்கு ஈடுகொடுக்காது. ஆகவே, புதுக் கட்டடம் எழுப்புவது என்றால் ஆண்டுதோறும் கூடுதல் பற்றாக்குறைக்குக் கையெழுத்துப் போடுவது என்றும் அர்த்தம், அந்தப் பற்றாக்குறையை அரசோ வேறு யாரோ ஏற்காத வரை.

இது அறக்கட்டளைகளுக்குப் புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1883 முதல் உலகம் முழுக்கச் சுமார் 2,500 நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். நிபந்தனை இதுதான்: நிலத்தை ஊர் தர வேண்டும், கட்டடச் செலவில் 10 சதவீதத்தை ஆண்டுதோறும் நடத்தும் செலவுக்கு ஒதுக்குவதாக ஊர் நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். நூலகத்துக்கு அந்த 10 சதவீதம் ஏதோ போதுமானதாக இருந்தது. காப்பகத்துக்கு அது ஒரு மூலைக்குக்கூடப் போதாது.

நடத்தும் பணம் வற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஷ்யூர் ஸ்டார்ட் மையங்கள் பெரிய சான்று. ஏழைக் குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்காக 1998இல் அரசு அறிவித்த திட்டம் அது. 2010 வாக்கில் சுமார் 3,600 மையங்கள் இருந்தன. மறு ஆண்டு அந்தத் திட்டத்துக்கென்று தனியாகப் பூட்டி வைத்திருந்த நிதியின் பூட்டை எடுத்தார்கள். உள்ளாட்சிகளின் மொத்த நிதியும் சுருங்கியது. ஆயிரம் மையங்கள் வரை மூடப்பட்டிருக்கலாம் என்று சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை 2018இல் மதிப்பிட்டது. கட்டடங்கள் எங்கும் போகவில்லை, நன்றாகவே நின்றன. அதோடு, கட்டுமானத்துக்கு வாங்கிய அரசுப் பணத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. கட்டடத்தைக் குழந்தைகளுக்கு அல்லாத வேலைக்குத் திருப்பினால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மூடவும் முடியாமல் நடத்தவும் முடியாமல் பல உள்ளாட்சிகள் திண்டாடின.

அரசுத் திட்டத்துக்கே இந்தக் கதி என்றால், மூன்று ஊழியரோடு ஓடும் ஒரு அமைப்பு எந்த மூலைக்கு?

அதனால் எந்த மானியத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தாலும், முதலில் மூன்றாம் ஆண்டு பட்ஜெட்டை எழுதிப் பாருங்கள். முதல் ஆண்டு வேண்டாம். அந்த ஆண்டு உற்சாகத்திலும் தொடக்க நன்கொடையிலும் ஓடிவிடும். மூன்றாம் ஆண்டில், இடங்களில் 5க்கு 4தான் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தத் தாள் சிவப்பாக இருந்தால் கீழே வரும் வகைகளில் பாதி உங்களுக்கு இல்லை.

முழு மானியம்

கேட்க நன்றாக இருக்கும். கடனில்லை, வட்டியில்லை, ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்ட வேண்டியதில்லை. ஆனால் மூன்று இடத்தில் கையைக் கடிக்கும்.

ஒன்று, பெரும்பாலான கட்டட மானியங்கள் பணத்தை முன்கூட்டித் தருவதில்லை. கான்ட்ராக்டருக்கு நீங்கள் பணம் கட்டிய பில்லைக் காட்டினால்தான் அந்தத் தொகை வரும். கான்ட்ராக்டர் மாதத்துக்கு ஒரு பில் நீட்டுவார். அறக்கட்டளை சரிபார்த்துப் பணம் அனுப்ப இரண்டு மாதம் ஆகும். இடையில் உள்ள இரண்டு மாதப் பணத்தைச் சுழற்ற உங்களிடம் கையிருப்பு வேண்டும், இல்லாவிட்டால் இடைக்காலக் கடன் வாங்க வேண்டும். அந்த வட்டியை மானிய பட்ஜெட்டில் சேர்க்க அனுமதி உண்டா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பலருக்கு இது கட்டுமானம் பாதியில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

இரண்டு, எஸ்டிமேட்டைத் தாண்டும் செலவு. மானியத் தொகை கையெழுத்தான நாளில் உறைந்துவிடும். சிமென்ட் விலை உறையாது. புதுக் கட்டடத்துக்கு 10 சதவீதமாவது எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்காத பட்ஜெட்டை நம்ப வேண்டாம். கட்டட வரைவாளர் கட்டணம், மண் பரிசோதனை, அனுமதிகள், காப்பீடு போன்ற, கண்ணில் படாத செலவுகளே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டுவிடும். சில அறக்கட்டளைகள் செங்கல்லுக்கும் கம்பிக்கும் மட்டும்தான் தருவோம் என்பார்கள். அப்போது அந்த ஐந்தில் ஒரு பங்கு உங்கள் தலையில்.

மூன்று, அறக்கட்டளையின் மனம் மாறுவது. அமெரிக்காவின் கிரெஸ்கி அறக்கட்டளை 1924இல் தொடங்கப்பட்டது. கட்டடம் கட்டுகிறீர்களா, கிரெஸ்கியிடம் போங்கள் என்று சொல்லும் அளவுக்குப் பல பத்தாண்டுகள் அது கட்டுமான நிதிக்குப் பெயர்போனது. 2006இல் ரிப் ராப்சன் தலைவரான பிறகு அந்த வழியைப் படிப்படியாக விட்டுவிட்டு நகரங்கள், ஏழை மக்களின் வாய்ப்புகள் என்ற பரந்த வேலைக்குத் திரும்பியது. அதைக் குறை சொல்ல முடியாது; பணம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. ஆனால் இரண்டாம் கட்டத்தையும் அதே அறக்கட்டளை கட்டித் தரும் என்ற நம்பிக்கையில், மாடிக்குப் போகாத படிக்கட்டோடு முதல் கட்டத்தைக் கட்டி வைக்காதீர்கள்.

முழு மானியம் யாருக்குப் பொருந்தும்? நிலம் சொந்தமாகவோ நீண்ட குத்தகையிலோ இருந்து, நடத்தும் செலவை அரசோ உள்ளாட்சியோ ஒப்பந்தப்படி ஏற்றிருக்கும் அமைப்புக்கு. அப்படி இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், இதைவிட நல்லது எதுவும் இல்லை.

மேட்சிங் கிராண்ட்: கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது

நாங்கள் 40 தருகிறோம், நீங்கள் 60 திரட்டுங்கள் என்பது இதன் சாரம். ஏழைப் பகுதியில் 60 எப்படித் திரட்டுவது என்று தோன்றும். திரட்டிய வரலாறு இருக்கிறது, அதன் கசப்பும் இருக்கிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டடம் என்று ஒன்று இல்லாமலே இருந்த காலம். சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், 1912இல் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் யோசனைப்படி அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி அருகே சில பள்ளிகள் கட்டப் பணம் கொடுத்தார். 1932இல் திட்டம் முடிந்தபோது 15 மாநிலங்களில் கிட்டத்தட்ட 5,000 பள்ளிகள் எழுந்திருந்தன. மொத்தச் செலவு சுமார் 2.8 கோடி டாலர். அதில் ரோசன்வால்ட் நிதி கொடுத்தது சுமார் 15 சதவீதம்தான். கறுப்பின மக்கள் தாங்களே திரட்டியது சுமார் 17 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக அரசின் வரிப்பணம் வந்தது. அறக்கட்டளையைவிட ஏழைகள் அதிகம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நிலம் கொடுத்தார்கள், மரம் வெட்டிக் கொடுத்தார்கள், உடலுழைப்பைக் கொடுத்தார்கள், பருத்தி வயலில் ஒரு பகுதியின் விளைச்சலைப் பள்ளிக்கென்று ஒதுக்கினார்கள்.

இதில் இரண்டு விஷயம் இன்றைய பாலர் பள்ளிக்கும் அப்படியே பொருந்தும். கட்டடமும் நிலமும் உள்ளூர் அரசுப் பள்ளி நிர்வாகத்தின் பெயருக்கு மாற வேண்டும், அதைப் பராமரிக்கும் பொறுப்பும் அவர்களுடையது என்று ரோசன்வால்ட் நிதி நிபந்தனை வைத்தது. அதாவது 15 சதவீதத்தைத் தூண்டிலாகப் போட்டு 64 சதவீத அரசுப் பணத்தையும், அதற்கு மேல் ஆண்டாண்டுக்கான பொறுப்பையும் இழுத்தது. மேட்சிங் கிராண்டின் உண்மையான பலன் இதுதான். மக்களிடம் திரட்டும் பணத்தைவிட, அரசு வாய் திறந்து "சரி, ஆசிரியர் சம்பளம் எங்களுடையது" என்று சொல்ல வைப்பதில்தான் அதன் மதிப்பு.

கசப்பு என்னவென்றால், அந்த மக்கள் ஏற்கெனவே வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள். அந்த வரியில் அவர்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பங்கு சேராததால்தான் பள்ளி இல்லாமல் போனது. அதே பள்ளிக்கு அவர்கள் இன்னொரு முறை பணம் கொடுத்தார்கள். மேட்சிங் கிராண்ட் அறிவிக்கும் எந்த அறக்கட்டளையும், ஏழைப் பகுதிக்கும் வசதியான பகுதிக்கும் ஒரே விகிதம் வைத்தால் இந்தத் தவறைத்தான் திரும்பச் செய்கிறது. பணக்காரப் பகுதியின் அமைப்பு ஒரே விருந்தில் 60ஐத் திரட்டிவிடும். ஆகவே விகிதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நிலத்தின் மதிப்பு, இலவசமாகக் கிடைக்கும் பொறியாளர் உழைப்பு, பெற்றோரின் கைவேலை ஆகியவற்றை உங்கள் பங்காக ஏற்பார்களா என்றும் கேளுங்கள். ஏழைக் குழந்தைகளின் பாலர் பள்ளிகளுக்கு அமெரிக்க அரசு பணம் தரும் ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில், நடத்துபவர்கள் செலவில் 20 சதவீதத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அதில் தன்னார்வ உழைப்பும் பொருளாகக் கொடுத்ததும் கணக்கில் சேரும். அரசே ஏற்கும் ஒன்றைக் கேட்பதில் தப்பில்லை.

ரோசன்வால்ட் நிதி பணத்தோடு இன்னொன்றையும் கொடுத்தது. கட்டட வரைபடங்கள். மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கு, வகுப்பறையின் ஒரு சுவர் முழுக்க உயரமான ஜன்னல்கள். கிழக்கோ மேற்கோ பார்த்து வெளிச்சம் உள்ளே விழும்படி அறையைத் திருப்பி வைப்பது. சுவருக்கு வெளிர் நிறம். சிறு ஊர் ஒன்று கட்டட வரைவாளரைத் தேடிப் பணம் செலவழிக்காமல், அந்த வரைபடத்தை எடுத்துக் கட்டிவிடலாம். இன்று மானியம் தரும் அறக்கட்டளைகளில் இதைச் செய்பவை குறைவு என்பது எனக்கு ஆச்சரியம்தான். இருபது அமைப்புகளுக்குத் தனித்தனியாக வரைவாளர் கட்டணம் தருவதற்குப் பதில், நன்றாக யோசித்த நான்கு வரைபடங்களை வைத்திருந்தால் எவ்வளவு மிச்சம்!

காலக்கெடுவையும் பாருங்கள். 12 மாதத்துக்குள் உங்கள் பங்கைத் திரட்டாவிட்டால் மானியம் ரத்து என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். பாதி திரட்டியதற்குப் பாதி கிடைக்குமா, எல்லாம் போய்விடுமா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எல்லாம் போய்விடும் என்றால், உங்கள் பங்கில் பாதியாவது உறுதியாகும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

சீரமைப்பு மானியம்

நான் பெரும்பாலோருக்குச் சொல்வது இதைத்தான். ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தில், அது அரசுப் பள்ளியின் காலி அறையாகவோ சமூகக் கூடமாகவோ வழிபாட்டிடத்தின் பக்க மண்டபமாகவோ குடியிருப்புத் தொகுதியின் தரைத்தளமாகவோ இருக்கலாம், குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றுவதற்கான பணம். தொகை சிறியது, காலம் குறைவு, தோற்றால் இழப்பும் குறைவு.

முன்பள்ளிக் கல்வியின் பலனைப் பற்றி யார் பேசினாலும் மேற்கோள் காட்டும் ஆய்வு, அமெரிக்காவின் இப்சிலான்டியில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு. 123 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைப் பாலர் பள்ளியில் சேர்த்து, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பாலர் பள்ளி நடந்தது பெர்ரி தொடக்கப் பள்ளி என்ற, ஏற்கெனவே இருந்த கட்டடத்தில். பணம் போனது ஆசிரியர்களுக்கு: ஐந்தாறு குழந்தைகளுக்கு ஒரு ஆசிரியர், வாரம் ஒருமுறை ஆசிரியரே குழந்தையின் வீட்டுக்குப் போய்த் தாயோடு உட்கார்ந்து பேசுவது.

கட்டடத்துக்குப் பணம் போட்டுப் பார்த்த மறுபக்கச் சான்றும் உண்டு. கொலம்பியாவில் 1980களின் நடுவிலிருந்து ஒரு தாய் தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகள் பன்னிரண்டு, பதினைந்து பேரைப் பார்த்துக்கொள்ளும் திட்டம் ஓடியது. 2011க்குப் பிறகு அந்தக் குழந்தைகளில் பலரைப் பெரிய, நல்ல வசதியுள்ள மையங்களுக்கு மாற்றினார்கள். செலவு கூடியது. ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, மாறிய குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் எதிர்பார்த்த முன்னேற்றம் வந்திருக்கவில்லை. கட்டடம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒழுகும் கூரையும் வெளிச்சமில்லாத அறையும் குழந்தைக்கும் ஊழியருக்கும் கெடுதல்தான். ஆனால் வீட்டிலேயே காப்பகம் நடத்தும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டவும் சமையலறைக்குத் தடுப்பு வைக்கவும் தரும் சிறு தொகைகளை அறக்கட்டளைகள் அலட்சியமாகப் பார்ப்பது நியாயமில்லை. பெயர்ப்பலகை வைக்க இடமில்லை என்பதுதான் காரணமோ என்னவோ.

சரி, சீரமைப்பில் எங்கே மாட்டிக்கொள்வோம்? பழைய சுவருக்குள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள். பல நாடுகளில் அதற்கும் மிகப் பிற்பாடு. ஈயம் கலந்த பெயின்ட்டைச் சுரண்டும்போது எழும் தூசுதான் சிறு குழந்தையின் மூளைக்கு மிக மோசம். கூரையிலும் குழாய்ச் சுற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். விளையாட்டுத் திடல் ஆகப்போகும் பின்கட்டில் முன்பு ஒரு பட்டறை இருந்திருக்கலாம். மண்ணையும் சோதிக்க வேண்டும். ஆகவே சீரமைப்பில் எதிர்பாராச் செலவுக்கு 15 முதல் 20 சதவீதம் வையுங்கள், புதுக் கட்டடத்தைவிட அதிகமாக.

அப்புறம் இடத்தின் கணக்கு. ஹெட் ஸ்டார்ட் திட்டத்தின் பழைய அளவுகோல், ஒரு குழந்தைக்கு உள்ளே 35 சதுர அடி, வெளியே 75 சதுர அடி. இங்கிலாந்தில் 2 வயதுக்குக் கீழ் ஒரு குழந்தைக்கு 3.5 சதுர மீட்டர், 3 வயதுக்கு மேல் 2.3 சதுர மீட்டர். இந்த 35 சதுர அடி என்பது குழந்தை உண்மையில் புழங்கும் இடம். நடைவழி, கழிப்பறை, சமையலறை, அலமாரி இதில் சேராது. 20 குழந்தைகளுக்கு 700 சதுர அடி போதும் என்று நினைத்து ஒரு கூடத்தைப் பிடித்தால், எல்லாம் கழித்தபின் 11 குழந்தைகளுக்குத்தான் உரிமம் கிடைக்கும். அப்போது உங்கள் மூன்றாம் ஆண்டு பட்ஜெட் தூள்.

ஒரே ஒரு சாமானைச் சொல்கிறேன்: கைகழுவும் தொட்டி. கைக்குழந்தை அறையில் டயப்பர் மாற்றும் மேசையில் ஒரு கையைக் குழந்தை மேல் வைத்தபடியே மறு கையால் எட்டும் தூரத்தில் ஒரு தொட்டி வேண்டும். பால் கலக்கவும் உணவு தயாரிக்கவும் அதைத் தொடக் கூடாது. அதற்கு வேறொரு தொட்டி. இந்த இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தரையை உடைத்துத்தான் போட வேண்டும். பழைய கூடத்தில் தரை எதன் மேல் கிடக்கிறது என்பதைப் பொறுத்து அந்த ஒரு குழாய் மொத்த எஸ்டிமேட்டையே மாற்றிவிடும். இடத்தைப் பார்க்கப் போகும்போது பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்ணம் பற்றிப் பேசுகிறவரை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தவர் கட்டடத்தைச் சீரமைப்பதில் குத்தகைதான் உயிர்நாடி. மூன்றாண்டுக் குத்தகையில் இருக்கும் இடத்துக்குப் பணம் போட்டால், நான்காம் ஆண்டு உரிமையாளருக்கு அழகான கூடம் மிஞ்சும். குறைந்தது 10 ஆண்டு, அதுவும் இடையில் கட்டடத்தை விற்றாலும் புது உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்படி பதிவு செய்த குத்தகை.

கடன்

மானியம் தரும் இடத்தில் கடன் எதற்கு என்று கேட்கலாம். ஃபோர்டு அறக்கட்டளை 1968 முதலே தன் நோக்கத்துக்கு உதவும் வேலைகளுக்குச் சலுகைக் கடன் கொடுக்கத் தொடங்கியது. அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குத் தங்கள் சொத்தில் சுமார் 5 சதவீதத்தைக் கொடுத்தாக வேண்டும். இத்தகைய கடனும் அந்தக் கணக்கில் சேரும். திரும்பி வரும் பணத்தை இன்னொரு காப்பகத்துக்குக் கொடுக்கலாம் என்பது அவர்களுக்கு லாபம்.

நமக்கு? 1,00,000 கடனை 10 ஆண்டில் அடைக்க, 8 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14,900 கட்ட வேண்டும். 3 சதவீதமானால் 11,700. 15 ஆண்டு அவகாசமும் கிடைத்தால் 8,400. வட்டி குறைவது போலவே அவகாசம் நீள்வதும் ஆண்டுத் தவணையைக் கிட்டத்தட்ட அதே அளவு குறைக்கிறது, பேரம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். இப்போது கட்டும் வாடகைக்குள் அந்த ஆண்டுத் தவணை அடங்கினால் கடன் நல்ல வழி. அடங்காவிட்டால் தவணை ஆசிரியர் சம்பளத்திலிருந்துதான் வரும். ஏழைப் பகுதிக் காப்பகங்களில் அது வரக் கூடாத இடம்.

கடனிலேயே ஒரு வகை, தள்ளுபடியாகும் கடன். பத்தாண்டு அதே இடத்தில் ஏழைக் குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்தினால் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு கழிந்துகொண்டே வரும். உண்மையில் இது நிபந்தனை எழுதிய மானியம். முழு மானியத்தைவிட நேர்மையானது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் ஆறாம் ஆண்டில் மூட வேண்டி வந்தால் எவ்வளவு திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

திட்டமிடல் மானியம்

எல்லோரும் தாண்டிப் போகும் வகை. சிறு தொகை, கட்டடமே வராது. ஆனால் மேலே சொன்ன அத்தனை சங்கடங்களும், அதாவது மண் பரிசோதனை, ஈயப் பரிசோதனை, உரிமம் எத்தனை குழந்தைக்குக் கிடைக்கும் என்ற கணக்கு, மூன்றாம் ஆண்டு பட்ஜெட், குத்தகையைப் படித்துச் சொல்லும் வழக்கறிஞர், எல்லாம் இந்தப் பணத்தில் தீரும். சான் ஃபிரான்சிஸ்கோவில் குழந்தைகள் காப்பகங்களுக்கென்றே 1990களின் இறுதியிலிருந்து நடந்துவரும் நிதியில், கட்டுமானத்துக்கு முந்தைய வேலைகளுக்குத் தனியாகவும் சீரமைப்புக்குத் தனியாகவும் பணம் வாங்கும் வழி உண்டு. திட்டமிட்ட பிறகு "இங்கே கட்ட வேண்டாம்" என்ற முடிவு வந்தால், அந்த மானியம் வீணாகவில்லை. மொத்தத்தில் அதைவிட மலிவாக ஒரு தவறைத் தவிர்க்கவே முடியாது.

எனவே யாருக்கு எது

வாடகை இடம், நிச்சயமில்லாத வருமானம், முப்பது குழந்தைகளுக்குள் என்றால் திட்டமிடல் மானியம் ஒன்று, அதன் பிறகு சீரமைப்பு மானியம் ஒன்று. வேறெதையும் தொட வேண்டாம். கட்டுமானத் தொழிலாளர் குடும்பங்கள் போல இடம் பெயர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு நடத்துகிறீர்கள் என்றால் நிலையான கட்டடமே கேள்விக்குறி. மீரா மகாதேவன் 1969இல் டெல்லியின் ஒரு கட்டுமானத் தளத்தில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ், வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம் வைத்து, வேலை முடிந்தால் அடுத்த தளத்துக்குப் போனது. அங்கே கேட்க வேண்டியது பயிற்சிக்கும் சம்பளத்துக்குமான பணம்.

உள்ளாட்சி நடத்தும் பொறுப்பை ஏற்கத் தயாராக இருக்கிறது, ஆனால் கட்டப் பணமில்லை என்கிறது என்றால் மேட்சிங் கிராண்ட்தான் சரியான ஆயுதம். உங்கள் 60க்குள் உள்ளாட்சியை இழுத்துவிடுங்கள். இத்தாலியின் ரெஜியோ எமிலியா அருகே வில்லா செல்லாவில், 1945இல் போர் முடிந்த கையோடு, பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் மக்களே பாலர் பள்ளி கட்டினார்கள். குண்டு விழுந்த வீடுகளின் செங்கல்லை எடுத்துப் பயன்படுத்தினார்கள். உலகம் முழுக்க இன்று பேசப்படும் ரெஜியோ கல்விமுறையின் ஆரம்பம் அது. ஆனால் நகராட்சி தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது 1963இல்தான். பெற்றோர் கட்டியவையும் பிறகு நகராட்சி நிர்வாகத்துக்குள் வந்தன. நடுவில் கிட்டத்தட்ட இருபது ஆண்டு. உங்கள் அமைப்பால் அவ்வளவு காலம் தனியாகத் தாங்க முடியாது என்றால், உள்ளாட்சியின் எழுத்துபூர்வமான உறுதியை முதல் கல்லுக்கு முன்பே வாங்குங்கள்.

முழு மானியமும் சீரமைப்பு மானியமும் ஒரே நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால்? பெரிய அமைப்பு, சொந்த நிலம், அரசு ஒப்பந்தம் மூன்றும் இருந்தால் முதலாவது. ஒன்று குறைந்தாலும் இரண்டாவது.

எதை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் சில வரிகளைப் பேசி மாற்றலாம், அறக்கட்டளை அலுவலர்கள் நாம் நினைப்பதைவிட இளகுவார்கள். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் 2 முதல் 4 சதவீதம் ஆண்டுதோறும் பராமரிப்புக்கு வேண்டும் என்பது கட்டட நிர்வாகத்தில் நெடுநாளாக உள்ள அளவு. முதல் ஐந்து ஆண்டுக்கான அந்தத் தொகையை மானியத்துக்குள்ளேயே கேளுங்கள். புது இடங்கள் நிரம்பும் வரை, ஒரு ஆண்டுக்கான தொடக்கச் சம்பளப் பற்றாக்குறையையும் கேளுங்கள். "கட்டடத்துக்கு மட்டும்தான்" என்று மறுத்தால், வரைபடத்தில் ஒரு அறையைக் குறைத்து, அந்த அறைக்கான பணத்தைச் சம்பளத்துக்கு மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மறுத்தால், ஒரு அறை குறைந்த கட்டடத்துக்கே விண்ணப்பியுங்கள்.